வைரஸ் பார்க்க வீட்டுப் பத்திரத்தை ஏற்றாதீர்கள்

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை ஜெராக்ஸ் கடைகளில் ஒரு பழக்கத்தைப் பார்க்கிறேன். பென்டிரைவில் வரும் ஃபைல் மேல் சந்தேகமா, உடனே இலவச ஆன்லைன் வைரஸ் ஸ்கேனில் ஏற்றிவிடுகிறார்கள். போன வாரம் ஒரு அக்காவின் வீட்டுப் பத்திரம் அப்படித்தான் போனது. பதறிவிட்டேன்.

வைரஸ்டோட்டலையே எடுத்துக்கொள்ளுங்கள். 2004-இல் ஸ்பெயினில் தொடங்கி 2012-இல் கூகுள் வாங்கிய நல்ல சேவைதான். ஒரே ஃபைலைப் பல ஆன்டிவைரஸ்கள் சோதித்துச் சொல்லும். ஆனால் ஏற்றிய ஃபைல் அங்கேயே தங்கும். பாதுகாப்பு நிறுவனங்களுக்கும் பணம் கட்டும் வாடிக்கையாளர்களுக்கும் கிடைக்கும். சொந்த விவரம் உள்ளதை ஏற்றாதீர்கள் என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். யார் படிக்கிறார்கள்?

அப்புறம், அது பார்ப்பது நீங்கள் கொடுத்த அந்த ஒரு ஃபைலை மட்டும்தான். பென்டிரைவைச் செருகியதும் ஃபோல்டரெல்லாம் ஷார்ட்கட்டாக மாறிக் கிடக்குமே, அந்த வைரஸ் கடைக் கம்ப்யூட்டருக்குள் ஓடிக்கொண்டிருந்தாலும் இதற்குத் தெரியாது. தெரிந்தாலும் நீக்காது. எல்லாம் பச்சையாக வந்தது என்று நம்பிவிடவும் முடியாது. புத்தம்புது வைரஸ் முதல் சில நாள் எதிலும் சிக்காமல் போகலாம்.

"உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்" என்று சிவப்பில் மிரட்டி, எதையாவது இறக்கச் சொல்லும் போலித் தளங்கள் இன்னும் மோசம்.

விண்டோஸிலேயே டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் இலவசமாக இருக்கிறது. கடைத் தம்பிகளே, அதை அப்டேட் செய்து வையுங்கள். பென்டிரைவ் மேல் ரைட் கிளிக் செய்து ஸ்கேன் கொடுத்த பிறகு ஃபைலைத் திறங்கள்.