இடாப்பில் விடுபட்டவர்கள்

1996ஆம் ஆண்டு ஜூலை மாத இறுதியில் தொடங்கிய 'சத்ஜெய' இராணுவ நடவடிக்கையால் கிளிநொச்சி நகரமும் அதைச் சூழ்ந்த ஊர்களும் வெறிச்சோடிப் போனபோது, எங்கள் பள்ளிக்கூடமும் எங்களைப் போலவே இடம்பெயர்ந்தது. மேசை வாங்குகளில் ஏற்றக்கூடியவை உழவு இயந்திரப் பெட்டியில் அக்கராயன் பக்கம் போய்ச் சேர்ந்தன; மற்றவை அங்கேயே கிடந்தன. அப்போது நாங்கள் ஆண்டு பத்து. அடுத்த ஆண்டு மார்கழியில் சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டிய வகுப்பு. அந்த ஒன்றரை ஆண்டுகள் காட்டோரத்துக் கிடுகுக் கொட்டகையில் ஒன்றாகப் படித்தவர்கள், ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, இந்த ஆவணியில் வட்டக்கச்சியில் ஒரு தோழியின் வளவில் கூடினோம். நல்லூர்த் திருவிழாவுக்கென்று ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் பாரிஸிலிருந்தும் வந்திருந்தவர்களின் விடுமுறையைப் பார்த்தே நாள் குறிக்கப்பட்டது. வன்னியை விட்டுப் போகாதவர்கள் சிறுபோக அறுவடை வேலைகளுக்கு நடுவே வந்திருந்தார்கள்.

கூடிய இடத்தில் பார்த்துப் பேச ஒரு படம்கூட எங்களிடம் இல்லை. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடை ஆண்டுக்கணக்காக நீடித்த காலம் அது. பற்றரியும் பெற்றோலும் சீமெந்தும் யூரியாவும் வன்னிக்குள் வரத் தடைசெய்யப்பட்டிருந்தபோது வகுப்புப் படம் எடுப்பதை யார் நினைத்திருப்பார்கள்? பள்ளிக்கூடத்தின் பதிவேடுகளில் 1996இல் தப்பியவை 2009இல் தப்பவில்லை. மாணவர் வரவைப் பதியும் இடாப்பு, புள்ளிப் பதிவேடு, பரிசளிப்பு விழாப் பட்டியல் எதுவும் மிஞ்சவில்லை. ஆகவே எங்கள் வகுப்பு இருந்தது என்பதற்கு இன்றைக்கு இருக்கும் சாட்சி அந்த வகுப்பில் இருந்தவர்களின் ஞாபகம் மட்டுமே. அந்த ஞாபகத்திலிருந்து இடாப்பை மீண்டும் எழுதுவோம் என்ற யோசனையை முன்வைத்தவர், இப்போது கிராம அலுவலராக இருக்கும் எங்கள் வகுப்பு மாணவத் தலைவர். பட்டியல் போட்டுப் பழகியவர் என்பதால் ஒரு பெரிய கொப்பியும் கொண்டுவந்திருந்தார்.

முதலில் கொட்டகையின் படத்தைக் கீறினோம். வாசல் தெற்குப் பக்கம் என்று பாதிப்பேர் சொன்னார்கள். கிழக்கு என்று மற்றவர்கள் நின்றார்கள். மத்தியானத்துக்குப் பிறகு வெயில் கரும்பலகையில் விழுந்து எழுத்துத் தெரியாமல் போகும் என்பதை ஒருவர் நினைவூட்டியதும் வாசலின் திசை முடிவாகிவிட்டது. கரும்பலகை என்று நாங்கள் சொல்வது இரண்டு பலகைகளைச் சேர்த்து அடித்து, அடுப்புக்கரியையும் கோவையிலையையும் அரைத்துப் பூசியது. வாங்கு போதாத இடத்தில் மண்ணைக் குவித்து, தட்டி, சாணம் மெழுகித் திண்ணை போல் ஆக்கியிருந்தோம். மழை பிடித்தால் கிடுகின் ஓட்டைகளுக்குக் கீழே இருப்பவர்கள் எழும்பி மற்றவர்களுக்கு இடையில் நெருங்கி உட்கார வேண்டும். அந்த ஒழுக்குகள் எந்த எந்த இடத்தில் இருந்தன என்பதைக்கூடப் படத்தில் குறித்தோம், ஏனென்றால் யார் யாருக்குப் பக்கத்தில் இருந்தார்கள் என்பதை அதை வைத்துத்தான் பலர் நினைவில் வைத்திருந்தார்கள்.

பிறகு பெயர்கள். முன்வரிசைப் பெயர்கள் ஒரு மூச்சில் வந்தன. கணிதத்தில் முதலாவதாக வந்தவர், நாடகத்தில் கோவலனாக நடித்தவர், ஆங்கிலப் பாட்டுப் பாடியவர் என்று ஒவ்வொரு பெயரும் அதற்குரிய கதையோடு வந்தது. நடுவரிசைக்குப் போனபோது வேகம் குறைந்தது. கடைசி வாங்குகளுக்கு வந்தபோது வளவே அமைதியாகிவிட்டது. அப்போதுதான் எங்களில் ஒருத்தி பக்கத்திலிருந்தவளைத் தட்டிக் கேட்டாள்: "அவளின்ரை பேர் என்னடி? மழைக்குத் தலையிலை உரப்பையை மடிச்சுப் போட்டுக்கொண்டு வருவாளே, கடைசி வாங்கிலை." உரப்பை எல்லாருக்கும் ஞாபகத்தில் இருந்தது, அதற்குக் கீழே இருந்த முகமும் சிலருக்கு ஞாபகத்தில் இருந்தது. பெயர் யாருக்கும் வரவில்லை.

அந்த வகுப்பு எப்படிச் சேர்ந்தது என்பதைச் சொன்னால்தான் இந்த மறதியின் காரணம் விளங்கும். இரணைமடுக் குளத்து நீரை நம்பி உருவான குடியேற்றத் திட்டங்களில் காணி பெற்ற குடும்பங்களின் பிள்ளைகள் எங்களில் ஒரு பகுதி. 1977 இனக்கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து மலையாளபுரம், பாரதிபுரம் போன்ற இடங்களில் காடு வெட்டிக் குடியேறியவர்களின் பிள்ளைகள் இன்னொரு பகுதி. 1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமத்தை விட்டு வெளியேறி, தென்மராட்சியில் தங்கி, கிளாலிக் கடல்நீரேரியைப் படகில் கடந்து வந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் மூன்றாவது பகுதி. காணிக்காரரின் பிள்ளைகளும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளும் முதல் மாதங்களில் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டார்கள். யாழ்ப்பாணத்தில் ரியூசன் படித்து வந்தவர்கள் கணக்கை முதலில் முடித்துவிட்டுப் பேனையை மேசையில் சத்தமாக வைப்பார்கள். எங்கள் பையன்கள் அவர்களைப் பாலைப்பழ மரத்துக்கு அழைத்துப்போய்க் கீழே நிற்கவைத்துவிட்டுத் தாங்கள் மாத்திரம் ஏறுவார்கள். ஆனால் ஆனி, ஆடியில் பழம் கனிந்து, உதடெல்லாம் பால் ஒட்டி, அதை எண்ணெய் போட்டுத் துடைக்கத் தெரியாமல் வகுப்புக்கு வந்து பிடிபட்டவர்களில் இரு பகுதியினரும் இருந்தார்கள். ஒரு பேனைக்கு ஒரு சிரட்டை பாலைப்பழம் என்ற பண்டமாற்று நடந்தபோது முறைப்பு போய்விட்டது.

மலையகக் குடும்பங்களின் பிள்ளைகளோடு அப்படி நடக்கவில்லை. அவர்களில் பலர் கடைசி வாங்கில் இருந்தார்கள். வெங்காயம் கிண்டும் காலத்திலும் அரிவு வெட்டும் காலத்திலும் கூலிக்குப் போவதற்காக வரமாட்டார்கள். ஓரிரு தவணைக்குப் பிறகு வராமலே நின்றுவிட்டார்கள். அவர்களைத் தேடிப் போனவர் ஒரே ஓர் ஆசிரியர். எங்கள் ஒன்றுகூடலில் இதைச் சொல்ல வாயெடுத்தவர் பாரதிபுரத்திலிருந்து வந்திருந்த தோழர். அந்த வாங்கிலிருந்து பரீட்சை வரை வந்த ஒரு சிலரில் அவரும் ஒருவர். "நாங்கள் வராத நாளிலை எங்களுக்கு இடாப்பிலை என்ன விழுந்ததெண்டு உங்களுக்குத் தெரியும். நாங்கள் எங்கை நிண்டனாங்கள் எண்டு ஒருத்தரும் கேட்கேல்லை" என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தோம். அதற்குப் பிறகு கொப்பியில் பெயர்களை எழுதும் வேலை அவரிடம் போனது.

தேடிப்போன அந்த ஆசிரியரைப் பற்றி ஒவ்வொருவரிடமும் ஒரு கதை இருந்தது; எனக்கு மறக்காதது செவ்வரத்தம்பூ. அமிலமும் காரமும் பாடத்துக்கு லிற்மஸ் தாள் இல்லை, இரசாயனம் எதுவும் இல்லை. அவர் காலையில் வரும்போது சைக்கிள் கூடைக்குள் செவ்வரத்தம்பூக்களைப் போட்டுக்கொண்டு வந்தார். சிவந்த இதழ்களைப் பிய்த்துச் சுடுநீரில் ஊறவைத்துப் பிழிந்தபோது மங்கிய ஊதா நிறத்தில் சாறு வந்தது. அதை இரண்டு போத்தல்களில் பங்கிட்டார். ஒன்றுக்குள் தேசிக்காய்ப்புளி விட்டதும் சாறு பளிச்சென்ற சிவப்பாக மாறியது. மற்றதற்குள், வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவைத்த நீரை அவர் சொட்டுச் சொட்டாக விட, ஊதா கலங்கி, நீலம் காட்டி, பச்சையாகி நின்றது. கடைசி வாங்கிலிருந்தவர்களை முன்னுக்கு அழைத்து, போத்தல்களை அவர்கள் கையில்தான் கொடுத்தார். அந்தப் போத்தலைப் பிடித்திருந்தவர்களில் ஒருவர் இன்றைக்கு ஸ்காபரோவில் ஒரு மருத்துவ ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறார். அன்றைக்குச் சுண்ணாம்புத் தண்ணீர் பட்டு விரல் எரிந்ததையும், அதைச் சொன்னால் போத்தலை வாங்கிவிடுவார்கள் என்று சொல்லாமல் இருந்ததையும் எங்களிடம் சொன்னார்.

இரவுப் படிப்பு ஜாம் போத்தல் விளக்கில். போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அது நனையும் அளவுக்கு மண்ணெண்ணெய், அதன் மேல் சைக்கிள் ரியூப்பின் வால்வுக்கட்டைக்குள் கோத்த நூல்திரி. சுடர் ஒரு மல்லிகை மொட்டளவு இருக்கும். மண்ணெண்ணெய் விற்ற விலைக்கு அதுவே பெரிது. அந்த வெளிச்சத்தில் இரண்டு பேர் ஒரு கொப்பியைப் பார்க்கலாம், மூன்றாவது ஆளுக்குத் தெரியாது. யார் யாரோடு சேர்ந்து படித்தார்கள் என்று நாங்கள் வீடு வீடாக நினைவுகூர்ந்தபோது, கடைசி வாங்குப் பெயர்களில் சில அப்படித்தான் வெளிவந்தன. ஒரே விளக்கில் படித்தவர் மறக்கவில்லை.

இன்னும் சில பெயர்களை மலேரியா கொண்டுவந்தது. மாரி முடிந்து தை, மாசியில் அக்கராயன் பக்கத்தில் காய்ச்சல் இல்லாத வீடு கிடையாது. மத்தியானம் குளிர் ஏறி, பல் கிடுகிடுத்து, ஒரு வாங்கில் இருந்த எல்லாருமே படுத்துவிடுவார்கள். இரத்தம் குத்திப் பார்க்கும் வரிசையில் பெயரைக் கூப்பிடுவார்கள். குளோரோகுயின் குளிசையின் கசப்பு வாயை விட்டுப் போகும் முன் அடுத்த பெயர் கேட்கும். அந்த வரிசையில் தனக்கு முன்னால் நின்றவளின் முழுப்பெயரை, தகப்பன் பெயரோடு, எங்கள் வட்டக்கச்சித் தோழி அப்படியே சொன்னாள். 2016 செப்டம்பரில் இலங்கை மலேரியா ஒழிந்த நாடென்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. எங்கள் பிள்ளைகளுக்கு அந்தக் காய்ச்சலைப் பற்றிச் சொன்னால் பாட்டி காலத்துக் கதை போலக் கேட்கிறார்கள்.

பள்ளிநாட் பேச்சென்றால் போர் பற்றித்தான் பேசியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரிந்தவர்கள் கேட்டார்கள். பேசினோம்தான். வளவில் வெட்டியிருந்த பதுங்குகுழியையும், கிபிர் போர் விமானத்தின் சத்தம் கேட்டதும் கொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குதித்ததையும், 1998 செப்டம்பரில் கிளிநொச்சி மீண்டும் கைமாறியதையும், 2002 ஏப்ரலில் யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 பாதை திறந்ததும் சிலரை முதன்முறையாக மறுபடி கண்டதையும் பேசினோம். ஆனால் அவை எல்லாருக்கும் பொதுவானவை. மற்றவர்கள் எழுதியும் வைத்திருக்கிறார்கள். எங்கள் வகுப்பில் யார் யார் இருந்தார்கள் என்பதை எங்களைத் தவிர வேறு யாரும் எழுதப் போவதில்லை. அதனால் மாலை வரை அந்தக் கொப்பியை விட்டு நாங்கள் எழும்பவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்குச் சம்பவங்கள் அச்சொட்டாக நினைவில் இருந்தன. ஆட்களின் பெயர்கள் அவர்களிடம் அவ்வளவாக இல்லை. பெயர்களைத் தந்தவர்கள் சந்தையிலும் கோயிலிலும் வயலிலும் அந்த மனிதர்களையோ அவர்களின் தாய்மாரையோ இன்றும் சந்தித்துக்கொண்டிருப்பவர்கள். பள்ளி நினைவுகளைப் பேச இணையவழிக் கூட்டங்களே போதும் என்று நினைப்பவர்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். எங்கள் வட்ஸ்அப் குழுவில் பல மாதங்கள் பேசியும் கடைசி வாங்கிலிருந்து ஒரு பெயர்கூட வரவில்லை.

பெயர்களுக்கு எதிரே என்ன எழுதுவது என்பதில்தான் நீண்ட நேரம் போனது. இருக்கிறவர்களுக்கு ஊரையும் தொழிலையும் எழுதினோம். இறந்தவர்களுக்கு ஆண்டை எழுதினோம்; பல வரிகளில் அது 2009. என்ன ஆனார்கள் என்று தெரியாதவர்களும் எங்கள் வகுப்பில் இருக்கிறார்கள். கிளிநொச்சி கந்தசாமி கோயிலுக்கு முன்னால் 2017 பெப்ரவரி 20 அன்று காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் தொடங்கிய போராட்டத்தில், எங்களோடு படித்த ஒருவனின் தாயும் இருந்தார். மகனின் பெயருக்கு எதிரே ஆண்டு எதையும் எழுத எங்களுக்கு உரிமையில்லை என்பதில் எல்லாரும் ஒருமனதாக இருந்தோம். "அம்மாட்டைக் கேக்காமல் ஒண்டும் எழுதாதை மச்சான்" என்று கிராம அலுவலர் சொன்னார். மறுநாள் அவரும் பாரதிபுரத் தோழரும் அந்தத் தாயின் வீட்டுக்குப் போனார்கள். மகன் எந்த வாங்கில் இருந்தான் என்பதைத்தான் அவர் முதலில் கேட்டாராம். படத்தில் காட்டியிருக்கிறார்கள். பெயருக்கு எதிரே மகனின் பிறந்த திகதியை எழுதச் சொல்லியிருக்கிறார்; அப்படியே எழுதப்பட்டிருக்கிறது.

இப்போது இடாப்பில் நாற்பதுக்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. புள்ளி வரிசையிலோ அகர வரிசையிலோ எழுதாமல், வாங்கு வரிசையில், கடைசி வாங்கிலிருந்து தொடங்கி எழுதும்படி பாரதிபுரத் தோழர் கேட்டுக்கொண்டார். அப்படியே தட்டெழுதப்பட்டு ஒரு பிரதி பள்ளிக்கூட நூலகத்துக்கு வழங்கப்படும். பரீட்சைக்கு முன்பே இடைவிலகியவர்களும் அதில் அந்த வகுப்பின் மாணவர்களாகவே பதியப்படுவார்கள். உரப்பை போட்டு வந்தவளின் வரி மட்டும் இன்னும் நிரம்பவில்லை. அவளுடைய சின்னம்மா ஒருவர் மல்லாவிப் பக்கத்தில் கடை வைத்திருக்கிறார் என்று அறிந்திருக்கிறோம். தைப்பொங்கல் விடுமுறையில் நானும் வட்டக்கச்சித் தோழியும் அங்கே போய் விசாரிப்பதாக இருக்கிறோம். அதுவரை தட்டெழுத்தை நிறுத்தி வைக்கும்படி கேட்டிருக்கிறோம்.