எம்டனைத் தேடி நூலக வாசலில்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டில் யாராவது சாமர்த்தியம் காட்டினால், "பெரிய எம்டன்டா இவன்" என்பார் அப்பா. 1914 செப்டம்பர் 22 இரவு கடலில் நின்றபடி சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்த ஜெர்மானியக் கப்பலின் பெயர், எங்கள் பக்கத்துப் பேச்சில் இன்றும் வசையாகவும் பாராட்டாகவும் புழங்குகிறது. அந்த வாரத்துச் செய்தித்தாள்களைப் படிக்கும் ஆசையில்தான், ஆய்வு மாணவனாகச் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, என் பல்கலைக்கழக நூலகத்தின் இணையப் பக்கத்தை ஒழுங்காகத் திறந்து பார்த்தேன்.

பார்த்ததும் எரிச்சல்தான் வந்தது. மாதந்தோறும் கைக்காசு கட்டி நான் படித்துவந்த வெளிநாட்டு நாளிதழ் அங்கே மாணவர்களுக்கு இலவசமாகக் கிடைத்தது. இலவசம் என்றுகூடச் சொல்ல முடியாது. கட்டண ரசீதில் 'நூலகக் கட்டணம்' என்று ஒரு வரி இருக்கிறது. ஒரே பண்டத்துக்கு இரண்டு முறை காசு கொடுத்திருக்கிறேன்.

இதில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: நாளிதழின் தளத்துக்கு நேராகப் போனால் சந்தா கேட்டு வழிமறிப்பார்கள்; நூலகப் பக்கத்திலுள்ள இணைப்பின் வழியாகப் போக வேண்டும். வளாகத்துக்குள் இருந்தால் பல்கலைக்கழகத்தின் ஐ.பி. முகவரியை, அதாவது இணையத்தில் அதை அடையாளம் காட்டும் எண்ணைக் கண்டதுமே தளம் திறந்துவிடும். வீட்டிலிருந்து போகும்போது நூலகத்தின் ப்ராக்ஸி சர்வர் நம் கடவுச்சொல்லைச் சரிபார்த்துவிட்டு, நமக்காக அந்தத் தளத்தை அழைத்துத் தருகிறது. சரியாக நுழைந்தோமா என்பதை முகவரிப் பட்டையிலேயே பார்க்கலாம்: எங்கள் நூலகத்தில், நாளிதழின் முகவரியிலுள்ள புள்ளிகள் சிறு கோடுகளாக மாறி, வாலில் பல்கலைக்கழகத்தின் பெயர் ஒட்டியிருக்கும். சில நாளிதழ்கள் மட்டும் பல்கலைக்கழக மின்னஞ்சலில் தனிக் கணக்குத் தொடங்கச் சொல்கின்றன; அதை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும்.

2025-இல் தொடங்கிய மத்திய அரசின் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் எல்லாம் வந்துவிடும் என்று நண்பர்கள் சிலர் நினைக்கிறார்கள். அது 30 பதிப்பகங்களின் ஆய்விதழ்களுக்கானது. நாளிதழ்களுக்கு அந்தந்த நூலகம்தான் தனியே பணம் கட்ட வேண்டும்.

பழைய தாள்களின் சுவை தனி. நூலகம் சந்தா கட்டும் புரோகுவெஸ்ட் என்னும் பழைய நாளிதழ்களின் இணையத் தொகுப்பில் 'டைம்ஸ் ஆஃப் இந்தியா' 1838 முதல் இருக்கிறது. பம்பாய்த் தாள்தான், ஆனாலும் சென்னைச் செய்திகளும் வரும். எம்டன் என்று தட்டினால் எல்லாம் வந்து விழும் என்று நம்பிப் பாதி மாலையை வீணாக்கினேன். மங்கிய எழுத்துகளைக் கணினி தவறாகப் படித்துவைத்திருக்கும். எழுத்துக்கூட்டலும் அன்று வேறு. ராயபுரத்தின் 'பு'வுக்கு ஆங்கிலத்தில் இரண்டு 'ஓ' போடுவது அந்நாள் வழக்கம். ஆகவே சொல்லைத் தேடுவதைவிடத் தேதியைக் குறுக்கிக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டுவதே மேல்.

கடவுச்சொல்லை வீட்டாருக்குக் கொடுக்க உரிம விதிகள் இடம் தரவில்லை. அதனால் ஒரு பக்கத்தை அச்செடுத்து வந்து காட்டினேன். அப்பா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, செய்தியை விட்டுவிட்டு ஓரத்து விளம்பரங்களையே நெடுநேரம் பார்த்தார். பிறகு, "இதுல நம்ம காசிமேடு எங்கடா?" என்றார். வெள்ளைக்காரர்கள் அதைக் 'காசிமோட்' என்று எழுதியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இன்று இரவு அந்தப் பெயரைப் போட்டுத் தேட வேண்டும்.