மூன்றாவது குளிர்காலத்தில் பிடிபட்ட முதுகு நிறம்

சனிக்கிழமை மாலை 4.40க்கு அடையாளம் பிடிபட்டது. யோகொஹாமாவின் யமாஷிதா பூங்கா, ஹிகாவா மாரு கப்பலை ஒட்டி நிற்கும் சின்ன வெள்ளைக் கலங்கரை விளக்கம், அதன் கைப்பிடிக் கம்பி. அதில் உட்கார்ந்திருந்தது ஓசெகுரோகமொமெதான், செகுரோகமொமெ இல்லை. இரண்டும் ஒன்றைப் போலவே இருக்கும் பெரிய கடற்காகங்களின் ஜப்பானியப் பெயர்கள். நோட்டுப் புத்தகத்தில் கேள்விக்குறி போடாமல் இந்தப் பெயரை எழுத எனக்கு மூன்று குளிர்காலம் ஆகியிருக்கிறது. அந்தச் சந்தோஷத்தில்தான் இதை எழுதுகிறேன்.

கடற்காகம் பார்க்கிறவர்களுக்கு இந்தத் துறைமுகத்தில் மற்றவை சிக்கலே இல்லை. யூரிகமொமெ நம் ஊரில் கருந்தலைக் கடற்காகம் என்று சொல்வது. குளிர்காலத்தில் தலை வெளுத்து, கண்ணுக்குப் பின்னால் ஒரு கரும்பொட்டு, சிவந்த அலகு, சிவந்த கால். ஊமிநெகோவுக்கு மஞ்சள் கால், அலகு நுனியில் கறுப்பும் சிவப்பும், வாலில் கரும்பட்டை. கண்ணை மூடிக்கொண்டாலும் பூனை மாதிரி கத்துவதை வைத்தே சொல்லிவிடலாம். பெயரே 'கடல் பூனை'தானே. தொல்லை கொடுப்பவை பெரிய இரண்டும்தான். இரண்டுக்கும் கால் இளஞ்சிவப்பு, அலகு மஞ்சள், கீழலகில் சிவப்புப் பொட்டு. வித்தியாசம் முதுகில். செகுரோவுக்கு நடுத்தரச் சாம்பல், ஓசெகுரோவுக்குக் கரும்பலகை நிறம். படத்தில் பார்த்தால் குழந்தைகூடச் சொல்லும். மாலை வெயிலில், தனியாக உட்கார்ந்திருக்கும் ஒரு பறவையைப் பார்த்துச் சொல்லுங்கள் பார்ப்போம்.

முதல் குளிர்காலத்தில் கேமராவை நம்பினேன். சாயங்கால மஞ்சள் வெளிச்சத்தைக் கேமரா தானாகச் சரிசெய்கிறேன் என்று நீலத்தைக் கூட்டிவிடும். ஒரே பறவை அடுத்தடுத்த இரண்டு படங்களில் இரண்டு நிறம். வீட்டில் திரையில் பார்த்தபோது குழப்பம் கூடியதுதான் மிச்சம்.

இரண்டாவது குளிர்காலத்தில் அட்டை செய்தேன். தடித்த வெள்ளை அட்டையில் கறுப்பும் வெள்ளையும் கலந்து பத்துப் படி சாம்பல் பூசி, எண் போட்டு, ஸ்கோப்பில், அதாவது முக்காலியில் மாட்டும் தொலைநோக்கியில், பார்த்த நிறத்தோடு ஒப்பிடுவது. பூசுவதற்கே நான்கு மாலை போனது. காய்ந்த பிறகு நிறம் ஒரு படி இறங்கிவிடுவதால் இரண்டு முறை திரும்பப் பூசினேன். அட்டை அழகாக வந்தது, ஆனால் பயன்படவில்லை. அட்டை என் கையில் நிழலில் இருக்கிறது, பறவை அறுபது எழுபது மீட்டர் தள்ளி வெயிலில் இருக்கிறது. இரண்டின் மேலும் விழுவது வேறு வேறு வெளிச்சம். ஒப்பிட என்ன இருக்கிறது?

இந்தக் குளிர்காலத்தில்தான் விஷயம் புரிந்தது. நிறம் பார்க்க வெயில் கூடாது. பூங்காவுக்குப் பின்னால் தெருவோரக் கட்டடங்கள் வரிசையாக இருக்கின்றன. ஜனவரிக் கடைசியில் சூரியன் மறைவது ஐந்து மணிக்குக் கொஞ்சம் பின்னால். ஆனால் நாலே காலுக்கெல்லாம் அந்தக் கட்டடங்களின் நிழல் நீர் விளிம்பு வரை வந்து, ஹிகாவா மாருவின் மேல் ஏறத் தொடங்கிவிடும். நிழல் முழுக்க மூடியதும் மஞ்சள் போய்விடுகிறது. வானத்தின் வெளிச்சம் மட்டும் எல்லாப் பக்கமும் சமமாக விழுகிறது. அப்போது முதுகின் உண்மையான நிறம் தெரிகிறது. நல்ல இருட்டு வருவதற்குள் அரை மணி நேரம் கிடைக்கும். அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் இப்போது போகிறேன். மேகமூட்டமான நாள் என்றால் பகல் முழுக்கவே அந்த வசதி உண்டு. முன்பெல்லாம் வெயில் நாளாகப் பார்த்துத்தான் கிளம்புவேன். இப்போது வானம் மூடியிருந்தால் உற்சாகம் வருகிறது.

இன்னொன்றும் கவனித்தேன். பின்னணி ஏமாற்றும். வெள்ளைக் கலங்கரை விளக்கத்தின் முன்னால் எந்தச் சாம்பலும் ஒரு படி கறுப்பாகத் தெரியும். கப்பலின் கறுத்த உடலுக்கு முன்னால் அதுவே வெளுத்துத் தெரியும். அதனால் தனிப் பறவையைப் பார்த்து முடிவு சொல்லவே கூடாது, பக்கத்தில் தெரிந்த பறவை ஒன்று வேண்டும். அதற்கு ஹிகாவா மாருவின் சங்கிலிகளை விட நல்ல இடம் இல்லை. 1930இல் கட்டி, சியாட்டில் வரை ஓடி, போர்க்காலத்தில் மருத்துவக் கப்பலாக இருந்து, 1961 முதல் இதே இடத்தில் கட்டப்பட்டிருக்கும் கப்பல். அறுபது வருஷத்துக்கு மேலாக நகராத கப்பலின் சங்கிலி என்றால் எனக்கு அது அளவுகோல் மாதிரி. கொடியில் துணி காயப்போட்டதுபோல யூரிகமொமெ வரிசையாக உட்கார்ந்திருக்கும். சனிக்கிழமை ஒரு சங்கிலியில் மட்டும் 63 எண்ணினேன். நடுவே இரண்டு ஊமிநெகோ. ஊமிநெகோவின் முதுகும் நல்ல கரும் சாம்பல்தான், அதுதான் என் ஒப்பீட்டுப் பறவை.

நிழல் மூடியதும் ஸ்கோப்பை ஊமிநெகோவிலிருந்து கலங்கரை விளக்கத்துக்குத் திருப்பினேன், மறுபடி ஊமிநெகோ, மறுபடி விளக்கம். கம்பியில் இருந்தது அதைவிடவும் கறுப்பு. ஆனால் பின்னால் வெள்ளைச் சுவர், ஏமாற்றலாம். அதனால் எழுதாமல் காத்திருந்தேன். கண் வெளிர் நிறம், அதைச் சுற்றி இளஞ்சிவப்பு வளையம். செகுரோவுக்கு வளையம் இன்னும் ஆரஞ்சுச் சிவப்பாக இருக்கும். 4.40க்கு ஒரு இறக்கையை மேலே தூக்கி நீட்டிச் சோம்பல் முறித்தது. இறக்கையின் பின்விளிம்பில் அகலமான வெள்ளை. நுனியின் கறுப்புக்கு முன்னால் முத்துக் கோத்ததுபோல வெள்ளைப் புள்ளிகள். அடிப்பக்கம் கறுப்பாக இல்லை, வெளிர் சாம்பல். அவ்வளவுதான், பேனாவை எடுத்துவிட்டேன். செகுரோ சைபீரியாவிலிருந்து வருவது. இது ஹொக்கைதோ பக்கம் கூடு கட்டும் பறவை.

முக்காலியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பழைய பொருள் கடை ஒன்றில் வாங்கியது, 'சோதித்துப் பார்த்தது' என்று சீட்டு ஒட்டியிருந்தது. தலைப்பகுதியின் திருகு இரண்டாவது வாரமே தளர்ந்துவிட்டது. ஸ்கோப் மெதுவாகத் தலை குனிகிறது, பறவை மேலே நழுவிப் போகிறது. கடையில் மாற்றித்தர மாட்டோம் என்றார்கள். உள்ளே மெல்லிய ரப்பர் வளையம் வைத்து இறுக்கியிருக்கிறேன், இப்போதைக்கு நிற்கிறது. முக்காலி வாங்குகிறவர்கள் ஸ்கோப்பையும் கொண்டுபோய் மாட்டி, பத்து நிமிஷம் ஒரே புள்ளியைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வெளிச்சம் போன பிறகு எப்போதும்போல ஓசன்பாஷிக்கு நடந்தேன். 2002இல் கட்டி முடித்த இந்தப் பயணக் கப்பல் முனையத்தின் கூரையே நடைபாதை. மரப்பலகை பதித்து மேடும் பள்ளமுமாகப் போகும். 'திமிங்கிலத்தின் முதுகு' என்று இங்கே செல்லப்பெயர். அன்று எனக்கு எல்லாமே முதுகு. பயணக் கப்பல் எதுவும் கட்டியிருக்கவில்லை, கூரையில் என்னோடு நாலைந்து பேர்தான். பறவை முடிந்தால் கப்பல். வழிகாட்டி மாலுமி ஏறிய கப்பல் பகலில் வெள்ளையும் சிவப்பும் பாதிப்பாதியான கொடி பறக்கவிடும், அது எல்லோருக்கும் தெரியும். எனக்குப் பிடித்தது கப்பல்களுக்குச் சைகை காட்டும் துறைமுகத்தின் ஆங்கில எழுத்துப் பலகைகள். 'ஐ' மின்னினால் உள்ளே வருகிற கப்பலுக்கு வழி, 'ஓ' மின்னினால் வெளியே போகிறவருக்கு, 'எஃப்' என்றால் இரண்டு பக்கமும். தூரத்தில் 'ஓ' மின்னத் தொடங்கியதும், எது புறப்படப் போகிறது என்று பைனாகுலரால் துழாவுவது தனி இன்பம். சனிக்கிழமை ஒரு சிறிய சரக்குக் கப்பல், சத்தமே இல்லாமல் விளக்குகளோடு நகர்ந்து பே பிரிட்ஜுக்கு அடியில் போனது. பாலத்தின் கீழ் இடைவெளி சுமார் 55 மீட்டர். மிகப் பெரிய பயணக் கப்பல்கள் அதனால் உள்ளே வர முடியாமல் வெளியே தைகொக்கு துறையில் நிற்கின்றன.

திரும்பும் வழியில் இந்திய நீர்க்கோபுரத்தைத் தாண்டினேன். 1923 நிலநடுக்கத்தில் பாதிக்கப்பட்ட இந்தியர்களுக்கு இந்த ஊர் செய்த உதவிக்கு நன்றியாக, இங்கிருந்த இந்தியச் சமூகம் 1939இல் கட்டிக்கொடுத்தது. பூங்காவே அந்த நிலநடுக்க இடிபாடுகளைக் கடலில் கொட்டி உண்டாக்கியது. தூத்துக்குடிக்காரனான எனக்கு அந்த இடத்தில் ஒரு நிமிஷம் நிற்காமல் போக மனம் வருவதில்லை.

ஓசெகுரோவின் முதல் வருஷக் குஞ்சுகளை அடையாளம் காணும் வேலையை இன்னும் தொடவே இல்லை. முழு நிறம் வரச் சுமார் நாலு வருஷம் ஆகும், அதுவரை எல்லாம் பழுப்புப் புள்ளிகள். அதற்குள் மனசு சோஷிக்குப் போய்விட்டது. சீபாவில், தோனெ ஆறு கடலில் சேரும் இடத்தில் இருக்கும் மீன்பிடித் துறைமுகம். குளிர்காலத்தில் கடற்காகம் பார்க்கிறவர்கள் எல்லோரும் போகிற ஊர். தோக்கியோவிலிருந்து விரைவு ரயிலில் சுமார் 2 மணி நேரம். பிப்ரவரி இரண்டாவது வாரம், வானம் மூடியிருக்கும் நாளாகப் பார்த்துப் போகலாம் என்றிருக்கிறேன். அதற்கு முன் முக்காலிக்கு வேறு தலை வாங்க வேண்டும். சாம்பல் அட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறேன்.