விடுமுறை முடிந்த திங்கட்கிழமை

நத்தாருக்கு முந்திய வாரத்திலிருந்து தைப்பொங்கல் கழிந்த மறுவாரம் வரையிலான காலம் திருகோணமலையில் மழைக்காலம். குடும்பத்தோடு பார்க்கத்தக்க படங்கள் உலகெங்கும் அடுத்தடுத்து வெளியாகும் காலமும் அதுவே. உயர்தர வகுப்பு மாணவர்களுக்குக் கணக்கீடு கற்பிக்கும் எனக்கு அந்த நாட்களில் படங்களைப் பார்ப்பதைவிட அவற்றின் வசூலைப் பின்தொடர்வதில் ஆர்வம் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். முதல் நாள் வசூல், முதல் மூன்று நாள் வசூல் என்று கைபேசிக்கு வந்து குவியும் எண்களை நான் படிக்கிறேன், ஆனால் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. குடும்பப் படம் ஒன்றைப் பொறுத்தவரை நான் காத்திருப்பது, விடுமுறை முடிந்து பள்ளிக்கூடங்களும் அலுவலகங்களும் திறந்த பிறகு வரும் முதல் திங்கட்கிழமையின் எண்ணுக்காகத்தான்.

முதல் நாள் வருபவர்கள் நடிகருக்காக வருபவர்கள். அவர்கள் படம் வெளியாகும் முன்னரே முடிவெடுத்துவிட்டவர்கள் என்பதால், படம் எப்படி இருக்கிறது என்பதைப் பற்றி அந்த வசூல் எதையும் சொல்லாது. குடும்பம் அப்படிப் புறப்படுவதில்லை. எங்கள் வீட்டையே எடுத்துக்கொண்டால், படம் பார்த்துவிட்டு வந்த உறவினர் ஒருவர் “பிள்ளைகளோட இருந்து பாக்கலாம்” என்று தொலைபேசியில் சொல்ல வேண்டும். மழை விட வேண்டும். அம்மாவின் முழங்கால் வலி அன்றைக்குத் தணிந்திருக்க வேண்டும். உவர்மலையிலிருந்து போய்வர ஓட்டோவுக்கு ஆகும் செலவையும் இடைவேளையில் பிள்ளைகள் கேட்கப்போவதையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும். கிண்ணியாவிலிருந்தோ நிலாவெளியிலிருந்தோ வருபவர்களுக்கு இரவுக் காட்சி முடிந்து வீடு திரும்பும் வழி என்ன என்ற கேள்வியும் உண்டு. இத்தனையும் கூடிவருவதற்கு ஒரு வாரமாவது ஆகும். ஆனால் கூடிவந்துவிட்டால் ஒரே தடவையில் ஆறு இருக்கைகள் நிறைந்துவிடும்.

இந்தத் தாமதத்தை எண்களில் மிகத் தெளிவாகக் காண வேண்டுமென்றால் அமெரிக்க வசூலைத்தான் பார்க்க வேண்டும். அங்கே திரையரங்குகளின் நாளாந்த வசூல் திரட்டப்பட்டு எவரும் பார்க்கும்படி வெளியிடப்படுகிறது என்பதே காரணம். 2017 டிசம்பர் 20 அன்று ‘தி கிரேட்டஸ்ட் ஷோமேன்’ என்ற இசைப் படமும் ‘ஜுமான்ஜி: வெல்கம் டு த ஜங்கிள்’ படமும் ஒரே நாளில் வெளியாயின. முதல் வார இறுதியில் ஜுமான்ஜி ஏறத்தாழ 3.6 கோடி டொலர் ஈட்டியபோது ஷோமேனுக்குக் கிடைத்தது வெறும் 88 இலட்சம் டொலர். அந்த எண்ணை மட்டும் பார்த்தவர்கள் படம் முடிந்துவிட்டது என்றே எண்ணியிருப்பார்கள். ஆனால் இரண்டாவது வார இறுதியில் அதன் வசூல் குறையாமல் ஒன்றரைக் கோடி டொலரைத் தாண்டியது. ஓடி முடிந்தபோது வட அமெரிக்காவில் மட்டும் சுமார் 17.4 கோடி டொலர் சேர்ந்திருந்தது. முதல் வார இறுதியைப் போல ஏறத்தாழ இருபது மடங்கு. வேறு மாதங்களில் வெளியாகும் பெரிய படங்களுக்கு இரண்டரை, மூன்று மடங்கு கிடைத்தாலே போதுமென்று நினைப்பார்கள்.

நாட்காட்டியும் இதில் தன் பங்குக்கு விளையாடும். நத்தாருக்கு முதல் நாள் மாலையில் அமெரிக்காவில் பெரும்பாலோர் வீட்டில் இருப்பார்கள். திரையரங்குகளும் நேரத்தோடு மூடிவிடும். அந்த மாலை சனிக்கிழமையில் வந்தால் ஒரு வார இறுதியின் மிகச் சிறந்த நாள் பறிபோகிறது. 2022இல் அப்படித்தான் நடந்தது; கூடவே கடும் பனிப்புயலும் வந்தது. அந்த வாரம் வெளியான ‘புஸ் இன் பூட்ஸ்: த லாஸ்ட் விஷ்’ என்ற அசைவூட்டப் படம் மூன்று நாளில் 1.24 கோடி டொலரோடு தொடங்கி, மாதக்கணக்கில் ஓடி, 18.5 கோடி டொலர் அளவில் முடிந்தது.

எனினும் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. நத்தாருக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட வாரத்தில் எல்லா நாளும் சனிக்கிழமைதான். பிள்ளைகளுக்குப் பள்ளியில்லை, பெரியவர்கள் பலருக்கு வேலையில்லை, வெளியே குளிர். அந்த வாரத்தில் நல்ல படத்தின் வசூலும் உயரும், சுமாரான படத்தின் வசூலும் உயரும். ஆகவே இரண்டாவது வார இறுதியின் ஏற்றத்தைக் கண்டு படத்தைக் குடும்பங்கள் ஏற்றுக்கொண்டுவிட்டன என்று தீர்ப்பெழுதுவது அவசரம். மிதப்பது படமா, அல்லது விடுமுறை என்ற வெள்ளம் அதைத் தூக்கிப் பிடித்திருக்கிறதா என்பது வெள்ளம் வடிந்த பிறகுதான் தெரியும். அதனால்தான் ஜனவரி. ஷோமேன் அந்த மாதத்தின் மூன்றாவது வார இறுதியிலும் ஒரு கோடி டொலருக்கு மேல் ஈட்டிக்கொண்டிருந்தது. 2024 டிசம்பரில் ‘சோனிக் த ஹெட்ஜ்ஹொக் 3’ 6 கோடி டொலரோடும் டிஸ்னியின் ‘முஃபாசா: த லயன் கிங்’ 3.5 கோடி டொலரோடும் ஒரே வார இறுதியில் தொடங்கியபோது, டிஸ்னிக்குப் பெரிய அடி என்றே எங்கும் எழுதினார்கள். முடிவில் வட அமெரிக்காவில் முஃபாசா ஏறத்தாழ 25.4 கோடி, சோனிக் ஏறத்தாழ 23.6 கோடி. முதல் வாரத்தில் அடித்த இரங்கற்செய்தியை எவரும் திருத்தி வெளியிட்டதாக எனக்கு நினைவில்லை.

தமிழ்ப் படங்களின் வசூலுக்கு வரும்போது இந்த வகையான வாசிப்பு பாதியில் நின்றுவிடுகிறது. எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ஒரே பட்டியல் என்று எதுவும் தமிழ்நாட்டில் இல்லை. தயாரிப்பு நிறுவனம் வெளியிடும் சுவரொட்டியும், வணிகத்தைக் கவனிப்பவர்கள் தரும் மதிப்பீடுகளும்தான் கையில் உள்ளவை. 2019 ஜனவரி 10 அன்று ‘பேட்ட’, ‘விஸ்வாசம்’ இரண்டும் ஒன்றாக வெளியானபோது, இரு தரப்பினரும் போட்டிக்குத் தத்தம் எண்களை வெளியிட, இரசிகர்கள் அவற்றை ஆயுதமாக ஏந்திச் சண்டையிட்டதைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். என் மாணவர்கள் இரு கட்சியாகப் பிரிந்து என்னிடம் தீர்ப்புக் கேட்டார்கள். நான் அவர்களிடம் திருப்பிக் கேட்டது ஒன்றே ஒன்று: நீங்கள் சொல்லும் கோடி எந்தக் கோடி? பார்வையாளர் கொடுத்த முழுத் தொகையா, வரி கழித்த தொகையா, திரையரங்கின் பங்கும் போக விநியோகஸ்தர் கைக்கு வந்த தொகையா? அந்த ஜனவரி முதலாம் திகதியிலிருந்துதான் இந்தியாவில் நூறு ரூபாய்க்கு மேற்பட்ட நுழைவுச்சீட்டின் ஜி.எஸ்.டி. 28 வீதத்திலிருந்து 18 வீதமாகக் குறைக்கப்பட்டிருந்தது. தமிழ்நாட்டில் உள்ளூராட்சி வரி தனியாக உண்டு. மொத்த வருமானத்தையும் தேறிய வருமானத்தையும் ஒரே நிரலில் எழுதும் மாணவனுக்கு நான் புள்ளி கொடுப்பதில்லை, சுவரொட்டிக்கு மட்டும் ஏன் கொடுக்க வேண்டும்?

அந்தப் பொங்கலில் விஸ்வாசத்தின் பலம் எங்கே இருந்தது என்பதை அறிய எண்களே வேண்டியிருக்கவில்லை. தகப்பனும் மகளும் பிரிந்து சேரும் அதன் பிற்பாதிக்காகவும், பின்னர் அந்தப் படத்தின் பாடல்களுக்காகத் தேசிய விருது பெற்ற இமானின் ‘கண்ணான கண்ணே’ பாட்டுக்காகவும், வழக்கமாக அஜித் படத்துக்குப் போகாத வீடுகளிலிருந்தும் எங்கள் ஊரில் ஆட்கள் போனார்கள். பொங்கலன்று அல்ல, பெரும்பாலும் அடுத்த வார இறுதியில். தமிழ்நாட்டில் மாட்டுப் பொங்கலும் காணும் பொங்கலும் சேர்ந்து நீண்ட விடுமுறையாக அமைய, இங்கே தைப்பொங்கல் ஒரு நாள் மட்டுமே பொது விடுமுறை. அன்று காலையில் வாசலில் பானை வைத்துப் பொங்கி, கோயிலுக்குப் போய், உறவினர் வீடுகளுக்குப் போய் வரவே பொழுது போய்விடும். ஆகவே சென்னையில் பொங்கல் வாரத்தில் தெரியும் குடும்பக் கூட்டம் திருகோணமலையில் ஒரு வாரம் பிந்தியே தெரியும்.

இங்கே வாங்கப்படும் நுழைவுச்சீட்டு எந்தப் பட்டியலில் போய்ச் சேர்கிறது என்பது வேறு கதை. ‘வெளிநாட்டு வசூல்’ என்ற ஒற்றை வரிக்குள் ரொறன்ரோ, கோலாலம்பூர், பாரிஸ் நகரங்களோடு நாமும் அடக்கம். அந்த வரி டொலரில் எழுதப்படுகிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலருக்கு ஏறத்தாழ 200 இலங்கை ரூபாய், மே மாதத்தில் 360 ரூபாய் வரை. அதாவது, அதே மண்டபத்தில் அதே அளவு கூட்டம் அதே விலை கொடுத்து இருந்திருந்தாலும், டொலர்க் கணக்கில் அது கிட்டத்தட்டப் பாதியாகச் சுருங்கியிருக்கும். எரிபொருள் வரிசைகளில் நாட்கள் கழிந்த அந்த ஆண்டில் திரையரங்கு பற்றி யோசித்தவர்களே குறைவு என்பது தனிக் கதை. நான் சொல்ல வருவது அளவுகோலைப் பற்றி. பிரான்ஸிலும் தென் கொரியாவிலும் எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதையே முதன்மை எண்ணாகச் சொல்கிறார்கள். குடும்பப் படங்களுக்கு இதைவிட நேர்மையான கணக்கு இல்லை. 1990 நவம்பரில் வெளியான ‘ஹோம் அலோன்’ தொடர்ந்து பன்னிரண்டு வார இறுதிகள் அமெரிக்காவில் முதலிடத்தில் நின்று சுமார் 28.5 கோடி டொலர் ஈட்டியது. டொலரில் பார்த்தால் முஃபாசாவுக்குச் சற்றே மேல். ஆனால் அன்றைய சராசரி நுழைவுச்சீட்டு நான்கு டொலரைச் சிறிதளவே தாண்டியிருந்ததால் அது ஆறரைக் கோடிக்கு மேற்பட்ட இருக்கைகள். இன்றைய பதினொரு டொலர் அளவான விலையில் முஃபாசாவுக்குத் தேறுவது இரண்டு கோடிச் சொச்சம்.

நம்மவர்களிடமும் பணத்தைச் சாராத ஒரு கணக்கு இருந்தது. பத்திரிகை விளம்பரத்தில் திரையரங்கின் பெயருக்குப் பக்கத்தில் ‘வெற்றிகரமான 50ஆவது நாள்’ என்று போடுவார்களே, அதுதான். 1944 தீபாவளிக்கு வந்த ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளி கண்டது. 2005 சித்திரைப் புத்தாண்டுக்கு வந்த ‘சந்திரமுகி’ சென்னை சாந்தியில் 800 நாளுக்கு மேல் ஓட்டப்பட்டது. ‘ஓடியது’ என்பதற்கும் ‘ஓட்டப்பட்டது’ என்பதற்கும் உள்ள இடைவெளியை நான் அறியாதவன் அல்லன். நூறாவது நாள் சுவரொட்டிக்காக வெறும் மண்டபத்தில் காலைக் காட்சி நடத்திய கதைகள் எல்லா ஊரிலும் உண்டு. ஆயினும் முதல் மூன்று நாளைக் கொண்டாடும் இன்றைய வழக்கத்தோடு ஒப்பிட்டால், இத்தனையாவது நாளிலும் ஆள் வருகிறது என்று காட்ட முயன்ற அந்த விளம்பரம் கேட்ட கேள்வியாவது சரியான கேள்வி.

அண்மையில் இந்தக் கேள்விக்கு மிகத் தெளிவாக விடை சொன்ன படம் 2025 மே முதலாம் திகதி, தொழிலாளர் தினத்தன்று வெளியான ‘டூரிஸ்ட் ஃபேமிலி’. இலங்கையிலிருந்து கடல் கடந்து சென்னைக்குப் போய் ஒளிந்து வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அதே நாளில் சூர்யாவின் ‘ரெட்ரோ’ வந்தது. முதல் நாள் வசூலில் இரண்டையும் ஒப்பிடவே முடியாது. ஆனால் கோடை விடுமுறையில் குடும்பங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லி, இரண்டாவது வாரத்திலும் அந்தச் சிறிய படம் தளராமல் நின்றது. நாங்கள் பேசும் தமிழை அதில் எவ்வளவு சரியாகப் பேசியிருக்கிறார்கள் என்ற விவாதம் எங்கள் வீட்டில் இன்னும் ஓயவில்லை.

ஆனால் அந்தப் படமே இன்னொன்றையும் காட்டியது. ஜூன் தொடக்கத்தில், அதாவது வெளியாகி ஒரு மாதத்தில், அது இணையத் திரைக்கு வந்துவிட்டது. தமிழ்ப் படங்கள் பலவற்றுக்கு இன்று நான்கு வாரம்தான் தவணை. விநியோக ஒப்பந்தங்களில் முதல் வாரத்தில் வசூலின் பெரும்பங்கு விநியோகஸ்தருக்குப் போகும். வாரம் செல்லச் செல்லத் திரையரங்கின் பங்கு கூடும். பிள்ளைகளோடு வருபவர்கள் இடைவேளையில் சிற்றுண்டிச்சாலையில் செலவழிப்பதும் திரையரங்குக்கே சேரும். ஆகவே மெல்லத் தொடங்கி நீண்டு ஓடும் குடும்பப் படம்தான் மண்டபத்தை நடத்துபவருக்கு உண்மையான வருமானம். அவருடைய பங்கு கூடத் தொடங்கும் வாரத்தில் படம் கைபேசிக்கு வந்து நின்றால் அவர் என்ன செய்வார்? கடந்த பொங்கலுக்கு எந்தப் படத்துக்குப் போகலாம் என்று பேச்சு எழுந்தபோது, என் தம்பியின் மனைவி நாட்காட்டியைப் பார்த்துவிட்டு, “மாசி நடுப்பகுதியில வீட்டிலயே பாக்கலாம் அத்தான், மழையில ஏன் அலைவான்?” என்று கேட்டார். அம்மாவும் அதற்கு உடன்பட்டார். பெறாமகள் மட்டும் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள், பிறகு அவளை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். ஆறு இருக்கைக்குப் பதிலாக அன்று இரண்டு.