ரெண்டரிங்குக்கும் கோப்புகளுக்கும் ஒரே சர்வர்: நினைவகத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

வீட்டிலேயே சர்வர் கட்ட நினைக்கிறவர்கள் பெரும்பாலும் செயலியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். எத்தனை கோர், எத்தனை கிகாஹெர்ட்ஸ் என்று பார்த்து வாங்கிவிட்டு, கையில் மிஞ்சும் பணத்துக்கு ரேம் போடுகிறார்கள். இரவில் ரெண்டரிங் (முப்பரிமாண உருவங்களிலிருந்து படம் உருவாக்குவது) செய்யவும், நாள் முழுவதும் கோப்புகளைக் காக்கவும் வேண்டிய ஓர் இயந்திரத்துக்கு இந்த வரிசை பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. செயலி மெதுவாக இருந்தால் வேலை தாமதமாகும். நினைவகம் போதாவிட்டால் வேலை முடியவே முடியாது. நினைவகத்தில் பிழை நேர்ந்தாலோ முடித்து வைத்த வேலையும் கெட்டுவிடும்.

மதுரை மீனாட்சியம்மன் கோயில் மண்டபங்களின் தூண்களை ஒளிப்படங்களிலிருந்து முப்பரிமாண உருவங்களாக்கி, பிளெண்டர் என்ற மென்பொருளில் ரெண்டர் செய்வது என் வேலை. ஒரே மாதிரித் தூண்கள் என்றால் ஒரு தூணின் வடிவத்தை நினைவகத்தில் ஒருமுறை வைத்துவிட்டு, அதையே நூறு இடங்களில் நிறுத்திவிடலாம். ஆனால் ஆயிரங்கால் மண்டபத்தின் 985 தூண்களில் முன்வரிசைச் சிற்பத் தூண்களையோ, புதுமண்டபத்தின் தூண்களையோ பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே ஒன்றைப் போல இன்னொன்று இல்லை. ஒவ்வொரு சிற்பத்துக்கும் தனி வடிவமும் தனி மேற்பரப்புப் படமும் வேண்டும்.

கணக்கு இதுதான். 8192 × 8192 பிக்சல் கொண்ட ஒரு படம் டிஸ்க்கில் ஜேபெக்காகச் சில பத்து எம்பிக்குள் அடங்கிவிடும். ரெண்டரிங் தொடங்கியதும் அது சுருக்கம் நீங்கி, பிக்சலுக்கு 4 பைட் வீதம் 256 எம்பியை எடுத்துக்கொள்ளும். ஒரு தூணுக்கு நிறத்துக்கு ஒன்று, மேடுபள்ளத்துக்கு ஒன்று என இரண்டு படங்கள் வைத்தால் 512 எம்பி. 32 தூண்களுக்கு 16 ஜிபி. வடிவங்களும், ஒளிக்கதிர்களைத் தொடர பிளெண்டரின் ரெண்டரிங் பகுதியான சைக்கிள்ஸ் உள்ளே கட்டும், மரம்போல் கிளைபிரியும் தரவமைப்பும் இதற்கு மேல். 8 ஜிபியோ 12 ஜிபியோ கொண்ட கிராபிக்ஸ் கார்டில் இது அடங்காது. அடங்கும் கார்டின் விலை என் கைக்கு எட்டாது. அதனால்தான் செயலியிலேயே ரெண்டர் செய்கிறேன்.

கோப்புகளுக்கு இசட்எஃப்எஸ் (டிஸ்க்கில் கோப்புகளைச் சேமித்துச் சரிபார்க்கும் கோப்பு முறைமை) வைத்திருப்பதால், அதுவும் மிஞ்சும் நினைவகத்தை, அடிக்கடி படிக்கும் தரவை வைத்திருக்கும் கேஷாக எடுத்துக்கொள்ளும். அதற்கு ஒரு மேல்வரம்பு வைத்துவிட்டால், 64 ஜிபியில் இரண்டு வேலையும் நடக்கும். ஆகவே 32 ஜிபி ரேம்கள் இரண்டு. மீதி இரண்டு ஸ்லாட்டுகள் காலி. பிறகு நான்கையும் நிரப்பினால் 128 ஜிபி கிடைக்கும், ஆனால் நான் எடுத்த செயலியில் ரேமின் வேகம் வினாடிக்கு 3200 மெகா பரிமாற்றங்களிலிருந்து 2667க்கு இறங்கும். ரெண்டரிங்கில் அந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. இடமில்லாமல் நின்றுபோவதுதான் தெரியும்.

அளவை விட நான் அதிகம் யோசித்தது ஈசிசி என்ற பிழைதிருத்தும் நினைவக வகையைப் பற்றித்தான். 64 பிட் தரவுடன் 8 பிட் கூடுதலாக வைத்து, ஒரு பிட் புரண்டால் திருத்தவும், இரண்டு புரண்டால் கண்டுபிடித்துச் சொல்லவும் அது உதவுகிறது. கூகுள் தன் சர்வர்களை ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட கட்டுரையின்படி, ஓராண்டில் சுமார் 8 விழுக்காடு ரேம்களில் பிழை பதிவானது. ரெண்டரிங்குக்கு மட்டும் என்றால் நான் கவலைப்படமாட்டேன். ஒரு பிரேமில் ஒரு புள்ளி நிறம் மாறினால் மீண்டும் ரெண்டர் செய்துகொள்ளலாம். கோப்பு அப்படியல்ல. இசட்எஃப்எஸ் சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிடும் முன்பே நினைவகத்தில் ஒரு பிட் மாறிவிட்டால், தவறான தரவுக்குச் சரியான எண் போடப்பட்டு, அது டிஸ்க்கில் நல்ல கோப்பாகவே உட்கார்ந்துவிடும். 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபம் தீயில் சிதைந்தது. அதற்கு முன் எடுத்த படங்கள் சில என்னிடம் இருக்கின்றன. அவற்றை இனி யாராலும் எடுக்க முடியாது. இப்படிப்பட்ட கோப்புகள் இருக்கும் இயந்திரத்தில் ஈசிசி இல்லாமல் எனக்கு மனம் ஒப்பவில்லை.

வாங்கும்போது கவனம் தேவை. கடையில் "சர்வர் ரேம்தானண்ணே, எல்லாம் ஒண்ணுதான், போட்டுப் பாருங்க" என்று ரெஜிஸ்டர்டு (இடையில் கூடுதல் சிப் கொண்ட, பெரிய சர்வர்களுக்கான) வகையை நீட்டினார்கள். டிடிஆர்4 தலைமுறை ரேமில் ரெஜிஸ்டர்டு வகைக்கும் சாதாரண வகைக்கும் 288 பின்களே; வெட்டும் ஒரே இடத்தில் இருப்பதால் ஸ்லாட்டில் அழகாக உட்காரும், ஆனால் சாதாரண மதர்போர்டு இயங்காது. லேபிளில் வேகக் குறியீட்டை அடுத்து வரும் எழுத்தைப் பாருங்கள்: ‘ஆர்’ (R) என்றால் ரெஜிஸ்டர்டு, ‘யு’ (U) என்றால் ஈசிசி இல்லாதது, ‘இ’ (E) என்றால் நமக்கு வேண்டிய, ரெஜிஸ்டர்டு அல்லாத ஈசிசி. போட்ட பிறகு, லினக்ஸில் வன்பொருள் விவரம் காட்டும் டிஎம்ஐடிகோட் கட்டளையில் மொத்த அகலம் 72, தரவு அகலம் 64 என்று வர வேண்டும். அது மட்டும் போதாது, கெர்னல் பதிவில், நினைவகப் பிழைகளைப் பதிவுசெய்யும் ஈடாக் டிரைவரும் இயங்குவதாகத் தெரிய வேண்டும். நினைவகத்தைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்டை ஓர் இரவு முழுவதும் ஓடவிட்ட பிறகே டிஸ்க்குகளை இணையுங்கள்.

இவ்வளவையும் முடிவு செய்துவிட்டால் செயலிப் பட்டியல் தானாகச் சுருங்கிவிடுகிறது. இன்டெல் 12 முதல் 14ஆம் தலைமுறை வரையான கோர் செயலிகளில் ஈசிசி வேண்டுமென்றால் டபிள்யூ680 சிப்செட் கொண்ட மதர்போர்டு தேவை; அது நம் ஊர்க் கடைகளில் எளிதில் அகப்படாது. பழைய சர்வர் செயலிகளான ஜியான் இ5-2680 வி4 போன்றவை 14 கோர்களுடன் மலிவாகக் கிடைக்கும், ரெஜிஸ்டர்டு ரேமும் மலிவு. ஆனால் 2016ஆம் ஆண்டின் செயலிக்கு 120 வாட் கொடுப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஏஎம்டியின் ரைசனில், உள்ளே கிராபிக்ஸ் கொண்ட 5000ஜி வரிசையில் ‘புரோ’ வகையைத் தவிர மற்றவற்றில் ஈசிசி இயங்காது. நான் எடுத்தது 16 கோரும் 32 திரெட்டும் கொண்ட ரைசன் 9 5950எக்ஸ். இதில் ஈசிசி இயங்குவது மதர்போர்டைப் பொறுத்தது, ஆகவே போர்டின் கையேட்டைப் படித்த பிறகே வாங்கினேன். உள்ளே கிராபிக்ஸ் இல்லாததால் ஒரு பழைய சிறிய கார்டும் செருக வேண்டியிருந்தது.

இதன் அறிவிக்கப்பட்ட அளவு 105 வாட் என்றாலும், முழுச் சுமையில் சாக்கெட் வழியாக 142 வாட் வரை இழுக்கும். சித்திரை, வைகாசியில் மதுரை திருநகரில் என் வீட்டு மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறையில் அந்த வெப்பத்தையும் சேர்த்துக்கொள்ள முடியாது. பயாஸில் 65 வாட் எகோ (மின்சிக்கன) முறைக்கு மாற்றினால் சாக்கெட் வழியான அந்த வரம்பு 88 வாட்டாகிறது. கடைசிச் சில நூறு மெகாஹெர்ட்ஸுக்காகத்தான் வோல்டேஜ் ஏறுகிறது என்பதால், மின்சாரம் குறைகிற அளவுக்கு வேகம் குறைவதில்லை. உண்மையான செலவு சும்மா இருக்கும் நேரத்தில்தான் இருக்கிறது: டிஸ்க்குகளோடு சேர்ந்து 50 வாட் என்று வைத்தாலும் இரண்டு மாதத்தில் 72 யூனிட், அதாவது வீட்டு இணைப்புக்குக் கட்டணமின்றிக் கிடைக்கும் 100 யூனிட்டில் பெரும்பகுதி.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை பகலில் வருவதால், ரெண்டரிங்கை இரவு பத்து மணிக்கு மேல் தொடங்குமாறு வைத்திருக்கிறேன். யுபிஎஸ் பேட்டரி இறங்கியதும் சர்வர் தானே அணைந்துவிடும். காட்சியை வீடியோவாக எழுதாமல் ஒவ்வொரு பிரேமையும் தனிப் படமாகச் சேமிப்பதால், அப்போது ஓடிக்கொண்டிருந்த ஒரு பிரேமைத் தவிர வேறெதையும் மீண்டும் செய்ய வேண்டியதில்லை.