மார்க்காவுக்கு முன்னால் ஒரு பயணம்

மே 4

செப்டம்பரில் லடாக்கின் மார்க்கா பள்ளத்தாக்கு. முடிவாகிவிட்டது. நானும் அக்காவும் கோவையிலிருந்து, தம்பி பெங்களூரிலிருந்து. வழியில் ஊர்களும் ஹோம்ஸ்டேக்களும் இருப்பதால் கூடாரம், அடுப்பு என்று தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. பாதையும் அப்படியொன்றும் செங்குத்து இல்லை. சிரமம் எல்லாம் உயரத்தில்தான் இருக்கிறது. நிமாலிங் புல்வெளியில் ஓர் இரவு, அது 4,700 மீட்டருக்கு மேல். மறுநாள் காலை கொங்மாரு லா கணவாய், அது 5,200-ஐத் தாண்டுகிறது. நாங்கள் குடியிருப்பது 400 மீட்டரில்.

தம்பி அன்றைக்கே விமானக் கட்டணத்தைப் பார்த்து அனுப்பிவிட்டான். டெல்லி வழியாக லே, மறுநாள் ஓய்வு, அதற்கு அடுத்த நாள் நடை. அக்கா "நீ நல்லா பார்த்துச் சொல்லு" என்று என்னிடம் விட்டுவிட்டாள். சரி, பார்க்கிறேன். பார்ப்பதையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன், இதே மாதிரி திட்டம் போடுகிறவர்களுக்கும் உதவும்.

மே 11

லே 3,500 மீட்டரில் இருக்கிறது. அங்கேயும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு அதே 21 சதவீதம்தான். ஆனால் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான், அதனால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைந்துவிடுகிறது. கொங்மாரு லாவில் பாதிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான்.

உடம்பு முதலில் செய்வது வேகமாக மூச்சு வாங்குவது. அப்படி வாங்கும்போது கரியமில வாயு நிறைய வெளியே போய் ரத்தத்தில் காரத்தன்மை ஏறுகிறது. உடனே மூளை "போதும், மெதுவாக வாங்கு" என்று மூச்சைப் பிடித்து இழுக்கிறது. தூக்கத்தில் மூச்சு சில நொடி நின்று, பிறகு திடுக்கென்று வாங்கி எழுப்பிவிடுவதும் இந்த இழுபறியால்தான். சிறுநீரகம் பைகார்பனேட்டை வெளியேற்றி இதைச் சரிசெய்கிறது, ஆனால் அதற்குச் சில நாட்கள் பிடிக்கும். உயரத்துக்குப் பழகுவது என்று நாம் சொல்வதில் முதல் பெரிய வேலை இதுதான். சிவப்பணுக்கள் கூடுவதெல்லாம் வாரக்கணக்கில் நடப்பது, எந்த அலுவலகமும் தரும் விடுப்புக்குள் அடங்காது.

மருத்துவ வழிகாட்டுதல்களில் திரும்பத் திரும்ப வரும் விதி ஒன்று. 3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் இடத்தின் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னொரு இரவு தங்க வேண்டும். பகலில் எவ்வளவு உயரம் போய் வந்தோம் என்பதைவிட ராத்திரி எங்கே படுத்தோம் என்பதுதான் கணக்கு. இனி எந்த வழியைப் பார்த்தாலும் இந்த ஒன்றை வைத்துத்தான் பார்ப்பேன்.

மே 18

தம்பியோடு நீண்ட பேச்சு. மாரத்தான் ஓடுகிறவன், நாடித்துடிப்பு ஐம்பதைச் சுற்றித்தான் இருக்கும். "எனக்கு ஒண்ணும் ஆகாதுக்கா, பெரியக்காவுக்கு வேணா ரெண்டு நாள் கூட வச்சுக்கலாம்" என்கிறான். உடல் தகுதிக்கும், உயரம் பழகாமல் வரும் மலை நோய்க்கும் சம்பந்தமே இல்லை என்பதை அவனுக்குப் புரியவைக்க வேண்டியிருந்தது. 1962 போர்க் காலத்தில் சமவெளியிலிருந்து விறுவிறுவென்று இமயமலைக்கு ஏற்றப்பட்ட இந்திய வீரர்களில் ஏராளமானோர் படுத்துவிட்டார்கள். அப்படிப் பாதிக்கப்பட்ட 1,925 பேரைப் பற்றி இந்தர் சிங்கும் அவருடைய மருத்துவக் குழுவும் 1969-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இன்றைக்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்த இளவட்டங்கள் அவர்கள். நம் ராணுவம் இப்போது வீரர்களை 9,000 அடியிலிருந்து 12,000 அடி வரை உள்ள உயரத்தில் ஆறு நாள் பழக்குகிறது, பிறகு 15,000 அடி வரை நான்கு நாள், அதற்கு மேல் இன்னொரு நான்கு நாள். உண்மையில் நல்ல ஓட்டக்காரர்களுக்கு ஓர் ஆபத்து கூடுதல். கால் தாங்குவதால் உடம்பு பழகுவதற்கு முன்பே வேகமாக ஏறிவிடுவார்கள்.

பதில் சொல்லவில்லை. கட்டுரையைப் பற்றி மட்டும் மறுபடி கேட்டான். அது போதும் இப்போதைக்கு.

மே 25

வெள்ளியங்கிரி சீசன் முடிவதற்குள் நானும் அக்காவும் ஏறி வந்தோம். மூங்கில் தடியை ஊன்றி ஊன்றி இறங்கும்போதுதான் முழங்கால் என்ன சொல்கிறது என்று தெரிகிறது. கால்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி நம் பக்கத்தில் இல்லை. உயரத்துக்கு இது ஆகாது, ஏழாவது மலை உச்சியே 2,000 மீட்டரைத் தொடாது.

அக்கா நியாயமான ஒரு கேள்வி கேட்டாள். ஊட்டியில் ஒரு வாரம் தங்கிவிட்டுப் போனால் என்ன? ஊட்டி 2,240 மீட்டர். 2,200 முதல் 3,000 வரையான உயரத்தில் ஆறேழு நாள் தங்கிவிட்டு மேலே போனால் மலை நோய் குறைகிறது என்பது உண்மைதான். ஆனால் அங்கிருந்து நேராக மேலே போக வேண்டும். இறங்கி வந்து சில நாள் கோவையில் வேலை பார்த்துவிட்டுக் கிளம்பினால் பழகியதெல்லாம் தேய ஆரம்பித்துவிடும். அந்த ஒரு வாரத்தை அப்படியே லடாக் போகும் வழியில் வைத்தால்? அப்புறம் அது பழகுவதற்கான தனிப் பயணமாகவே ஆகிவிடும். இந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்துப்போய்விட்டது.

ஜூன் 8

சாலை வழி இரண்டு. மணாலி, ஸ்ரீநகர். நிறையப் பேர் மணாலி வழியைத்தான் சொல்கிறார்கள், காட்சிகளுக்காக. தூங்கும் உயரத்தை வரிசையாக எழுதிப் பார்த்தேன். மணாலி 2,050. 2020-இல் திறந்த அடல் சுரங்கம் வழியாக ஜிஸ்பா, 3,200. அதற்கு அடுத்து வழக்கமாகத் தங்குவது சர்ச்சு, 4,290. ஒரே நாளில் ஆயிரம் மீட்டருக்கு மேல். அதைவிட மோசம், அங்கே ராத்திரி ஒருவருக்கு முடியாமல் போனால் கீழே போக இடமில்லை. பின்னால் பாரலாச்சா லா, முன்னால் 5,000 மீட்டரைத் தாண்டும் லாச்சுங் லாவும் டங்லாங் லாவும். எந்தப் பக்கம் போனாலும் முதலில் மேலே ஏறித்தான் இறங்க வேண்டும். இந்த வழியை முதல் பயணத்துக்கு யாருக்கும் நான் சொல்ல மாட்டேன்.

ஸ்ரீநகர் 1,585 மீட்டர். சோனாமார்க் சுமார் 2,700. சோஜி லா 3,528, ஆனால் அதைக் கடந்து போகிறோம், அங்கே படுப்பதில்லை. திராஸ் 3,280, மதிய உணவு. கார்கில் 2,676, இரவு. படிப்படியாக ஏறுகிறது, நடுவில் இறங்கவும் செய்கிறது. ஸ்ரீநகர் வழிதான்.

ஜூன் 20

டாக்டரிடம் போய் வந்தோம். அக்காவுக்கு ரத்த அழுத்த மாத்திரை உண்டு, எனக்கு ஹீமோகுளோபின் எப்போதும் கொஞ்சம் கம்மி. இரண்டையும் பார்த்து, எனக்கு இரும்புச் சத்து எழுதிக் கொடுத்தார். சல்ஃபா மருந்து ஏதாவது ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா என்று விசாரித்துவிட்டு டயமாக்ஸ் 125 மில்லிகிராம், காலையும் இரவும், ஏறத் தொடங்குவதற்கு முதல் நாளிலிருந்து. சிறுநீரகம் சில நாட்களில் செய்யும் அந்த பைகார்பனேட் வேலையை இந்த மாத்திரை சீக்கிரம் செய்யவைக்கிறது. மலை நோயை மறைத்துவைக்கும் மருந்து இல்லை இது, பழகுவதையே வேகப்படுத்துகிறது. வேண்டாம் என்று அவர் சொன்னவை தூக்க மாத்திரையும் மதுவும். வீட்டிலேயே முன்கூட்டி ஒருமுறை போட்டுப் பாருங்கள் என்றார்.

ஜூன் 23

போட்டுப் பார்த்தேன். இரண்டாம் நாள் காலை தோசைக் கரண்டியைப் பிடித்தபோது விரல் நுனியெல்லாம் சுருசுருவென்றது, கொஞ்ச நேரம் கழித்து உதட்டிலும். பயப்பட ஒன்றுமில்லை, பலருக்கும் இப்படித்தான். சாயங்காலம் கடையில் பன்னீர் சோடா வாங்கினேன். குமிழ் பொங்கிக்கொண்டிருக்கிறது, மூக்கில் தெறிக்கிறது, நாக்கில் அந்தச் சுர்ரென்ற காரம் மட்டும் இல்லை, சப்பென்று சர்க்கரைத் தண்ணீர். கரியமில வாயுவை நாக்கு உணரும் நொதியையும் இந்த மாத்திரை தடுத்துவிடுகிறது. மருந்து வேலை செய்கிறது என்பதற்கு எனக்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். ராத்திரி சிறுநீருக்கு இரண்டு தடவை எழுந்தேன், அங்கே குளிரில் இது தொந்தரவாக இருக்கும்.

ஜூலை 6

இன்று முழுக்க வரைபடத்தோடுதான். கார்கிலுக்கு அடுத்து எல்லோரும் தங்குவது லாமாயுரு, சுமார் 3,500 மீட்டர். கார்கிலிலிருந்து 800 மீட்டர் தாவல். அதற்குப் பதில், நமிகா லாவையும் 4,108 மீட்டர் ஃபோட்டு லாவையும் பகலில் கடந்து, லாமாயுரு மடாலயத்தைப் பார்த்துவிட்டு, இன்னும் கீழே சிந்து நதிக் கரைக்கு இறங்கி ஆல்ச்சியில் படுத்தால்? ஆல்ச்சி 3,100. கார்கில் 2,676, ஆல்ச்சி 3,100, லே 3,500. விதிக்கு அளந்து வைத்த மாதிரி! பகலில் உயரம் பார்த்துவிட்டு ராத்திரி இறங்கித் தூங்குவதும் தானாக அமைந்துவிடுகிறது. ஆல்ச்சியின் பழைய கோயில் சுவர் ஓவியங்களுக்காகவே இரண்டு நாள் இருக்கலாம், நிதானமாகப் பார்க்க வேண்டியவை அவை.

ஆகவே ஸ்ரீநகர் ஓர் இரவு, சோனாமார்க் இரண்டு (நடுப்பகலில் தாஜிவாஸ் பனியாற்றுப் பக்கம் மெதுவான நடை), கார்கில் ஒன்று, ஆல்ச்சி இரண்டு, லே இரண்டு. லேயிலிருந்து கார்துங் லாவுக்குக் காரில் போய்ப் படம் எடுத்துவிட்டு வருவது வேண்டாம். 5,359 மீட்டரில் கால் மணி நேரம் நிற்பதால் உடம்பு எதையும் கற்றுக்கொள்ளாது, தலைவலிதான் வரும். ஊருக்கு மேலே இருக்கும் நம்கியால் செமோ மடாலயம் வரை நடந்து போய் வந்தால் போதும்.

ஜூலை 9

தம்பி கூப்பிட்டான். இத்தனை நாள் விடுப்பு அவனுக்குக் கிடைக்காது, லேவுக்கு விமானத்தில்தான் வர முடியும். சொல்லும்போது குரல் இறங்கியிருந்தது. ஆனால் ஆல்ச்சி இங்கேயும் கைகொடுக்கிறது. லேயில் இறங்கியதும் ஊருக்குள் போகாமல் டாக்சி பிடித்து நேராக ஆல்ச்சிக்கு வந்துவிடட்டும், முதல் இரண்டு இரவும் எங்களோடு 3,100-இல் தூங்கட்டும். விமானத்தில் வருகிறவர்கள் முதல் இரவை லேயை விடத் தாழ்வான இடத்தில் கழிப்பது நல்ல ஏற்பாடு. டயமாக்ஸும் அவன் டாக்டரைக் கேட்டுப் போட்டுக்கொள்வதாகச் சொன்னான். எனக்கு மனசு லேசானது.

ஜூலை 19

நடையில் ஒரே ஒரு இடம் இடிக்கிறது. ஸ்கியு, மார்க்கா ஊர், ஹங்கர் வரை சீராக ஏறுகிறது. ஹங்கர் ஏறக்குறைய 4,000 மீட்டர், அடுத்தது நிமாலிங். எழுநூறு மீட்டருக்கு மேல் தாவல், அதுவும் இருப்பதிலேயே உயரமான படுக்கைக்கு! நடுவில் தாச்சுங்சே இருக்கிறது, சுமார் 4,200, ஆனால் அங்கே ஊர் இல்லை, கூடாரம் வேண்டும். ஹோம்ஸ்டே வழியாகப் போகிறவர்கள் ஒரே நாளில் தாண்டிவிடுகிறார்கள். நாங்கள் ஹங்கரில் இரண்டு இரவு இருக்கப்போகிறோம். நடு நாளில் சுமை இல்லாமல் தாச்சுங்சேயைத் தாண்டி முடிந்தவரை மேலே போய், மதியம் சாப்பிட்டுவிட்டு, திரும்ப ஹங்கருக்கே வந்து படுப்பது. தாவல் குறையாது, ஆனால் உடம்புக்கு ஒரு முன்னறிவிப்பு கிடைக்கும். கணவாயைத் தாண்டிய அன்றைக்கே ஷாங் சும்தோ பக்கம் ஆயிரம் மீட்டருக்கு மேல் இறங்கிவிடுவோம்.

ஆகஸ்ட் 3

அத்தை பத்ரிநாத் போய் வந்தவர். ஒரு துணி முடிச்சில் கற்பூரம் கொடுத்து, மூச்சு முட்டினால் முகர்ந்து பார் என்றார். வடக்கே மலையேறுகிறவர்கள் பலரிடமும் இது இருக்கும். கற்பூரம் மூக்கில் குளிர்ச்சியாக ஏறும், ஆக்சிஜனைக் கூட்டாது. அத்தையின் அன்புக்காக எடுத்துக்கொள்கிறேன், முடிச்சை நம்பி யாரும் மேலே ஏறக் கூடாது என்று தம்பியிடமும் சொல்லியிருக்கிறேன். ஆக்சிமீட்டரும் இருக்கிறது. லேயில் முதல் நாட்களில் 90-க்குக் கீழே காட்டுவது சகஜம், விரல் குளிர்ந்திருந்தால் இன்னும் தப்பாகக் காட்டும். எண்ணைவிட ஆளைப் பார்ப்பதுதான் முக்கியம்.

ஆகஸ்ட் 17

மூவரும் வீடியோவில் உட்கார்ந்து பேசி முடித்தவை. தலைவலி வந்தால் யாரும் மறைக்கக் கூடாது. தலைவலியோடு குமட்டல், அசதி, தலைசுற்றல் ஏதாவது சேர்ந்தால் அது மலை நோய்தான் என்று எடுத்துக்கொண்டு அன்றைக்கு மேலே ஏறுவதில்லை. குறையாவிட்டால் இறக்கம். நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ விடியட்டும் என்று காத்திருப்பதில்லை, ராத்திரியானாலும் உடனே கீழே. மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்திருக்கலாம். நிமாலிங்கில் இப்படி ஆனால் இறங்க வேண்டியது கணவாய்ப் பக்கம் இல்லை, ஹங்கர் பக்கம். அதற்காகக் குதிரையும் ஆளும் கடைசிவரை எங்களோடு இருக்கும்படி ஏற்பாடு. செலவு கூடுகிறது, அக்கா "அதுல கை வைக்காதே" என்றாள்.

லேயிலிருந்து திரும்பும் டிக்கெட்டை நடை முடிந்து இரண்டு நாள் கழித்துப் போட்டாகிவிட்டது. ஹங்கரில் யாருக்காவது இன்னோர் இரவு தேவைப்பட்டால் விமானத்தைக் காரணம் காட்டி யாரும் கிளம்பச் சொல்ல முடியாது.