இரைப்பைக் கட்டி: எந்த அடுக்கிலிருந்து எழுகிறது?

எண்டோஸ்கோப்பி அறிக்கையில் ‘இரைப்பையில் கட்டி’ என்ற வரியைப் பார்த்துவிட்டு என் முன்னால் வந்து உட்காருகிறவர்கள் முதலில் கேட்பது, அது புற்றுநோயா என்பதைத்தான். அதற்குப் பதில் சொல்வதற்கு முன், அந்தக் கட்டி இரைப்பைச் சுவரின் எந்த அடுக்கிலிருந்து எழுந்திருக்கிறது என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டும். பயாப்சி என்னும் திசுப் பரிசோதனையை நம்பலாமா, அறுவை தேவையா, சும்மா விட்டுவைக்கலாமா என்பதெல்லாம் பெரும்பாலும் அதைப் பொறுத்தவை.

உட்புறச் சளிப்படலத்திலிருந்து எழுபவற்றைக் கண்டறிவது ஓரளவு எளிது. இடுக்கியால் கிள்ளினால் தேவையான திசு கிடைத்துவிடும். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளை நெடுங்காலம் எடுத்துக்கொண்டவர்களுக்கு இரைப்பையின் மேற்பகுதியில் சிறு சிறு பாலிப்கள், அதாவது சளிப்படல முளைகள், தோன்றுவதுண்டு. அவை பெரும்பாலும் தீங்கற்றவை. ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியால் ஏற்பட்ட அழற்சியை ஒட்டி வளரும் வேறுவகைப் பாலிப்கள், கிருமியை ஒழித்தபின் சுருங்குவதும் உண்டு. அடினோமா வகையை மட்டும் விட்டுவைக்கக் கூடாது; அது புற்றாக மாறக்கூடியது என்பதால் முழுமையாக அகற்ற வேண்டும். புண்ணோடு கூடிய கட்டியானால் அதன் விளிம்பின் பல இடங்களிலிருந்து திசு எடுக்க வேண்டும். சுவர் முழுவதும் பரவித் தடித்து, காற்றைச் செலுத்தினாலும் இரைப்பையை விரியவிடாத ஒருவகைப் புற்றுநோயில், மேலோட்டமாகக் கிள்ளிய பயாப்சி ‘ஒன்றுமில்லை’ என்றே வரலாம். கண்ணுக்குத் தெரிவதும் அறிக்கை சொல்வதும் முரண்படும்போது, ஆழமாக மீண்டும் திசு எடுப்பதே சரி என்பது என் உறுதியான கருத்து.

சளிப்படலம் வழவழப்பாக, எந்தக் குறையுமின்றி மூடியிருக்க, அடியிலிருந்து மேடு தட்டி நிற்கும் கட்டிகள் வேறு இனம். சாதாரண இடுக்கி மேல்தோலை மட்டுமே கொண்டுவரும். வாயை மூடிய இடுக்கியால் மெல்ல அழுத்திப் பார்ப்போம்: தலையணைபோல் குழிந்து மறுபடி எழும்பினால், மஞ்சள் சாயலும் சேர்ந்திருந்தால், கொழுப்புக் கட்டியாக இருக்க வாய்ப்பு அதிகம். இரைப்பையின் கீழ்ப்பகுதியில், நடுவே சிறு குழியோடு தெரிவது இடம் மாறி வளர்ந்த கணையத் திசுவாக இருக்கலாம். சில சமயம் கட்டியே இருக்காது. பக்கத்திலுள்ள மண்ணீரலோ பித்தப்பையோ வெளியிலிருந்து அழுத்திக்கொண்டிருக்கும். நீலம் பாய்ந்து மென்மையாகத் தெரியும் மேட்டில் மட்டும் அவசரப்பட்டு இடுக்கியை வைக்கலாகாது. அது புடைத்த இரத்தக்குழாயாக இருந்தால் இரத்தம் கொட்டத் தொடங்கிவிடும்.

இங்கே கைகொடுப்பது எண்டோஸ்கோப்பி முனையில் பொருத்திய அல்ட்ராசவுண்ட். அது சுவரை ஐந்து அடுக்குகளாகக் காட்டும். மூன்றாம் அடுக்கில் வெளிறித் தெரிவது பெரும்பாலும் கொழுப்பு; நான்காவதான தசை அடுக்கில் கறுத்துத் தெரிந்தால் தீங்கற்ற தசைக்கட்டியாகவும் இருக்கலாம், ‘ஜிஸ்ட்’ (GIST) எனப்படும், புற்றுத்தன்மை கொள்ளக்கூடிய சுவர்க்கட்டியாகவும் இருக்கலாம். படத்தை மட்டும் வைத்து இவ்விரண்டையும் பிரிப்பது கடினம். ஊசியால் திசு எடுத்து, கிட் என்னும் புரதம் இருக்கிறதா என்று சாயமேற்றிப் பார்க்க வேண்டியிருக்கும்.

2 சென்டிமீட்டருக்குக் குறைவான, விளிம்பு சீரான, தொல்லை தராத ஜிஸ்டைப் பலருக்கு அவ்வப்போது அளந்து கண்காணித்தாலே போதும். வளர்ந்தாலோ, புண்ணாகி இரத்தம் கசிந்தாலோ அகற்ற வேண்டும். இதில் நிணநீர்க் கணுக்களைப் பொதுவாக எடுக்க வேண்டியதில்லை. ஆனால் கட்டியின் உறை கிழிந்துவிடக் கூடாது, கிழிந்தால் வயிற்றறைக்குள் நோய் பரவலாம். வழக்கமான கீமோதெரபிக்கு அசையாதிருந்த இந்நோய்க்கு 2002-இல் இமாட்டினிப் மாத்திரை அங்கீகரிக்கப்பட்டதிலிருந்து, பரவிய நிலையிலும் பல ஆண்டுகள் வாழ முடிகிறது.

சளிப்படலத்திலிருந்து வரும் புற்றுநோயின் வழி வேறு. மேலடுக்கோடு நிற்கும் சிறிய புற்றை எண்டோஸ்கோப்பி வழியாகவே செதுக்கி எடுத்துவிடலாம். ஆழமாக இறங்கியிருந்தால் சி.டி. ஸ்கேனும், தேவைப்பட்டால் சிறு துளை வழியே வயிற்றறைக்குள் பார்க்கும் லேப்ராஸ்கோப்பியும் செய்து பரவலை அறிந்தபின், பலருக்கு அறுவைக்கு முன்னும் பின்னும் கீமோதெரபி தரப்படுகிறது. இரைப்பையின் நிணநீர்த் திசுவில் எழும் புற்றான மால்ட் லிம்போமாவோ இன்றும் என்னை வியக்கவைக்கிறது: தொடக்க நிலையில், பைலோரி கிருமியோடு வரும்போது, ஆன்டிபயாடிக் மாத்திரைகளாலேயே பாதிக்கும் மேற்பட்டோருக்கு அது மறைந்துவிடுகிறது.

கண்காணிப்பில் இருப்பவர்கள் பழைய அறிக்கையையும் படங்களையும் கையோடு கொண்டுவர வேண்டும். ‘சிறு கட்டி’ என்று மட்டும் எழுதி, அளவையும் இடத்தையும் அடுக்கையும் விட்டுவிட்ட அறிக்கையை வைத்துக்கொண்டு, அது வளர்ந்திருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது.